பெட்டியில் இருக்கும் பேரேட்டை எந்த வரலாற்றுப் பேராசிரியரிடம் காட்டுவது?

பள்ளத்தூரில் எங்கள் ஐயா வீட்டு ரெண்டாங்கட்டில் ஒரு தேக்குப் பெட்டி கிடந்தது. பங்காளிகள் கூடி வீட்டை ஒதுங்க வைக்கலாம் என்று உட்கார்ந்த அன்றுதான் அதைத் திறந்தோம். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு நோட்டுகள், பர்மாவில் ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் வந்த கடிதக் கட்டுகள், சிவப்புத் துணியில் சுற்றிய ஓலை கொஞ்சம். இதை ஒரு வரலாற்றுப் பேராசிரியரிடம் காட்டுவோம் என்று அண்ணன் மகள் சொன்னாள். சரி என்று, தெரிந்தவர் மூலமாக ஒருவரைப் பிடித்து எடுத்துப் போனேன். அவர் மரியாதையாக உட்கார வைத்து, காபி கொடுத்து, அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தார். "அரசியல் சம்பந்தமா ஒண்ணும் இல்லையே, வெறும் வரவு செலவுதான், பத்திரமா வச்சுக்கங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எட்டு மாதம் கழித்து இன்னொரு பேராசிரியர், ஒரு அம்மா, எங்கள் வீட்டுக்கே வந்தார். அதே பேரேட்டின் ஒரே ஒரு பக்கத்தை முகப்பில் வைத்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் இருந்த எட்டு மாதத்தில் அந்தப் பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம், எங்கள் அப்பத்தா "ஐயா கையெழுத்து அதுல இருக்கு" என்று ஒற்றைக் காலில் நின்றதுதான்.

முதலில் பார்த்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் முப்பது வருடம் விடுதலைப் போராட்டத்தை ஆராய்ந்தவர், அவர் தேடுவது அந்தப் பெட்டியில் இல்லை. தப்பு என்னுடையது. வரலாற்றுப் பேராசிரியர் என்றால் எல்லா வரலாறும் படிப்பார் என்று நினைத்துவிட்டேன். நிலைக்கதவு செதுக்கும் ஆசாரியை முட்டைச் சுண்ணாம்பு பூச யாரும் கூப்பிடுவதில்லை, இரண்டு பேரும் வீடு கட்டுகிறவர்கள்தான் என்றாலும். ஒரு பேராசிரியர் எங்கே படித்தார், எதை ஆராய்ந்தார், எந்த மாதிரிக் காகிதத்தோடு காலம் கழித்தார் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் அந்த எட்டு மாதம் மிச்சம். எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இந்தப் பெட்டி இருக்கிறது, அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன். ஆய்வுக்கு வழிகாட்டி தேடும் மாணவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

முதலில் பெட்டி, அப்புறம் பேராசிரியர்

உங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் யாரிடம் போனாலும் பயன் இல்லை. ஒரு நாள் ஒதுக்கி, வெளிச்சம் உள்ள இடத்தில், வளவில் பாய் விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். கட்டைப் பிரித்தால் இருந்த வரிசையிலேயே திரும்பக் கட்டுங்கள், ஏனென்றால் எந்தக் கடிதம் எந்தக் கடிதத்தோடு கட்டப்பட்டது என்பதே ஒரு தகவல். கிழிந்ததை செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள்.

ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: கணக்கு எத்தனை, கடிதம் எத்தனை கட்டு, கல்யாணத்தில் எழுதின இசைபிடிமானம், அதாவது திருமண ஒப்பந்தம், இருக்கிறதா, சீர் சாமான் பட்டியல், நிலப் பத்திரம், ஓலை, அச்சடித்த அழைப்பிதழ், போட்டோ. எல்லாவற்றையும் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கடையின் விலாசம், அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், எந்த ஊர்க் கடை, எந்த வருடம் என்ற மூன்றும் போதும்.

வருடத்தில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் தமிழ் வருடம்தான் எழுதியிருப்பார்கள். அறுபது வருடச் சுற்று என்பதால் 'விஷு' என்று மட்டும் இருந்தால் அது 1881-82 ஆகவும் இருக்கலாம், 1941-42 ஆகவும் இருக்கலாம். எங்கள் கடிதக் கட்டில் ஒரு விஷு வருடக் கடிதத்தில் கப்பல் கிடைக்கவில்லை, ஆட்கள் நடந்தே கிளம்புகிறார்கள் என்று இருந்தது. ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது 1942 மார்ச்சில், விஷு வருடம் மாசி மாதம். அதை வைத்து எந்தச் சுற்று என்று தெரிந்துகொண்டோம். எண்களும் பழைய தமிழ் எண்களாக இருக்கலாம், மாகாணி, முந்திரி மாதிரிப் பின்னங்களுக்குத் தனிக் குறிகளும் வரும். அது உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, ஆனால் நீங்கள் தேடும் பேராசிரியருக்குப் புரிய வேண்டும், அல்லது அவரோடு வேலை செய்யும் ஒருவருக்காவது புரிய வேண்டும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

படிப்பு என்ற வரியை எப்படிப் படிப்பது

பல்கலைக்கழகத்தின் துறைப் பக்கத்தில் பேராசிரியர் பெயருக்குக் கீழே பிஏ, எம்ஏ, எம்ஃபில், பிஎச்டி என்று வரிசையாக இருக்கும். நாம் பட்டங்களை எண்ணிவிட்டு அசந்துபோகிறோம். எண்ணிக்கை முக்கியம் இல்லை. பார்க்க வேண்டியது பிஎச்டி ஆய்வேட்டின் தலைப்பு. அதில் மூன்று விஷயம் இருக்கும்: எந்த வட்டாரம், எந்தக் காலம், என்ன கேள்வி. இதில் குறைந்தது இரண்டு உங்கள் பெட்டியோடு பொருந்துகிறதா பாருங்கள். மூன்றும் பொருந்தினால் அதிர்ஷ்டம்தான். தலைப்பு அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். மிகப் பழைய ஆய்வேடுகள் எல்லாம் இருக்காது, ஆனால் அந்தப் பேராசிரியரிடம் படித்த மாணவர்களின் ஆய்வேடுகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் பெற்ற சிலரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1929 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுப் பேராசிரியர். சோழர் வரலாற்றை 1935லும் 1937லும் இரண்டு பாகமாக எழுதினார், அடிப்படை எல்லாம் கல்வெட்டும் செப்பேடும். அதே கல்வெட்டுகளைத் தேடி 1960களில் ஜப்பானிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தார் நொபோரு கராஷிமா. ஆனால் அவருடைய கேள்வி ராஜாக்களைப் பற்றியது அல்ல, ஊரில் நிலம் யாரிடம் இருந்தது என்பது. தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எ. சுப்பராயலு சோழ நாட்டின் 'நாடு' என்ற பிரிவுகளைக் கல்வெட்டுகளை வைத்தே வரைபடத்தில் கொண்டுவந்தார். மூவருக்கும் மூலம் கல்தான், மூன்று பேரும் கேட்ட கேள்வி வேறு. உங்கள் ஊர்க் கோயில் சுவரில் எழுத்து இருந்தால், அது பிள்ளையார்பட்டியாக இருந்தாலும் இளையாத்தங்குடியாக இருந்தாலும், இந்த வழியில் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். அவரிடம் பர்மாப் பேரேட்டைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. ராஜய்யன் 1800-1801 கிளர்ச்சியை ஆராய்ந்தார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிட்டார்களே, அந்தக் கதை. அவருக்கு மூலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள். சிவகங்கைச் சீமைக் காலத்து மானியச் சாசனமோ ஜமீன் காகிதமோ உங்களிடம் இருந்தால் இந்த மாதிரி ஆவணக் காப்பகத்தில் ஊறியவர்தான் பொருத்தம். ஆ. இரா. வேங்கடாசலபதியை எடுத்துக்கொண்டால், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர், ஆய்வு தமிழ்ப் பதிப்பு வரலாறு, வ.உ.சி., அச்சுப் பண்பாடு என்று போகும். பழைய பத்திரிகை, நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் எல்லாம் அந்த மாதிரி ஆய்வாளருக்குத்தான் புதையல். நம் கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்தது இப்படிப்பட்ட அச்சுப் பொருள்களைத்தானே. அவர் 1992ல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்துச் சென்னையில் உருவானதுதான் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரிலிருந்து போன தாள்களை வைத்து எத்தனை பேர் முனைவர் ஆகிவிட்டார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு நிறைகிறது.

இன்னொன்று. வரலாற்றுத் துறை என்ற பலகைக்குள் மட்டும் தேடாதீர்கள். நகரத்தாரின், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களின், வட்டித் தொழிலைச் சாதி, உறவுமுறை, கோயில் எல்லாவற்றோடும் சேர்த்து விரிவாக ஆராய்ந்து 1994ல் நூல் கொண்டுவந்த டேவிட் ரட்னர் மானிடவியல் படித்தவர். பொருளாதாரம், சமூகவியல், கட்டடக்கலை படித்தவர்களும் நல்ல வரலாறு எழுதுகிறார்கள்.

ஆய்வு ஆர்வம் என்ற வரிதான் ஏமாற்றும்

'தென்னிந்திய வரலாறு', 'தமிழகச் சமூக, பொருளாதார வரலாறு' என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். இது பல பேருக்கு முப்பது வருடம் முன்பு விண்ணப்பத்தில் எழுதினது, அப்படியே நின்றுவிட்டது. கடைசி ஐந்து ஆறு வருடத்தில் என்ன கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அதுதான் இன்றைய ஆர்வம். அப்புறம் கட்டுரையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். இது நான் சொல்வதிலேயே முக்கியமானது. ஆங்கிலப் புத்தகங்கள் மட்டும் வரிசையாக இருந்தால், அவர் மற்றவர்கள் எழுதினதை வைத்து எழுதுகிறவர். எழும்பூர் ஆவணக் காப்பகம், லண்டன் இந்தியா ஆபீஸ் பதிவுகள் என்று வந்தால், அரசாங்கக் காகிதம் படிக்கிறவர். தனியார் வீட்டுக் கணக்கு, தமிழ்க் கையெழுத்துக் கடிதம், நேர்காணல் என்று வந்தால், தயங்காமல் போன் செய்யுங்கள்.

சரி, அந்த ஆர்வங்களுக்கு உண்மையில் என்ன அர்த்தம்? எங்கள் பேரேட்டின் ஒரு பக்கத்தை வைத்தே சொல்கிறேன். அது 1930களில் பர்மாவில் இருந்த எங்கள் கடைக் கணக்கு.

பொருளாதார வரலாறு படித்தவர் முதலில் வட்டியைப் பார்ப்பார். ரங்கூன் முகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதம் ஒரு முறை கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். அந்த வட்டி எங்கள் கணக்கில் எந்த மாதம் எவ்வளவு மாறியது என்பது அவருக்குப் பெரிய விஷயம். வேளாண் வரலாறு படித்தவர் கண் வேறு இடத்தில் நிற்கும். 1929க்குப் பிறகு நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938ல் 25 சதவீதம். பேரேட்டில் 'வரவு' பக்கத்தில் பணத்துக்குப் பதிலாக ஏக்கர் வர ஆரம்பிக்கும் இடத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். எங்கள் வீட்டில் அந்த அம்மா மத்தியானச் சாப்பாட்டை மறந்தது அந்த இடத்தில்தான். நமக்கு அது சொத்து சேர்ந்த கதை, நிலத்தை இழந்த பர்மியக் குடும்பத்துக்கு அது வேறு கதை, இரண்டையும் ஒரே வரியிலிருந்து அவர் எடுத்துச் சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

புலம்பெயர்வு ஆராய்கிறவர் கடையில் வேலை பார்த்த மேலாள், கணக்கப்பிள்ளை, அடுத்தாள், பெட்டியடிப் பையன் பெயர்களைத் தேடுவார். மூன்று வருடக் கணக்குக்குப் போய்விட்டு ஊர் திரும்பி மறுபடி போனவர்கள், எந்த ஊர்க்காரர்கள், என்ன சம்பளம். சமய வரலாறு படித்தவருக்கு 'மகமை' என்ற ஒரு வரி போதும், லாபத்திலிருந்து எந்தக் கோயிலுக்கு, எந்த விடுதிக்கு எவ்வளவு போனது என்று பிடித்துக்கொண்டு போவார். கட்டடக்கலைக்காரர் தேக்கு வாங்கின செலவைக் கேட்பார், நீங்கள் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தூணின் விலை அதில் இருக்கலாம். பெண்கள் வரலாறு ஆராய்கிறவர் வந்தால் ஆச்சிமார் பெயரில் இருக்கும் கணக்கைக் கேட்பார். சீதனப் பணத்தைக் கடையில் போட்டு, அதற்கு வட்டி ஏறி, பெண் பெயரிலேயே தனியாக வளர்ந்த கணக்கு. எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனித்ததே இல்லை. அப்பத்தாவின் மாமியார் பெயரில் நான்கு பக்கம் இருந்தது.

வழிகாட்டி தேடும் மாணவர்களுக்கு

மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், கூடுதலாக இரண்டு மூன்று நடைமுறை விஷயம். 2022ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு மேல் பிஎச்டிக்கு வழிகாட்ட முடியாது, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ஓய்வு பெற மூன்று வருடத்துக்குக் குறைவாக இருந்தால் புது மாணவரை எடுக்க முடியாது. எனவே பெரிய பெயர் என்று வருடக்கணக்கில் காத்திருக்காமல் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எம்ஃபில் பட்டத்தையும் அதே விதி நிறுத்திவிட்டது, அதனால் வயதில் இளைய பேராசிரியர் பெயருக்குப் பின்னால் எம்ஃபில் இல்லாவிட்டால் குறையாக எண்ண வேண்டாம். அவரிடம் படித்து முடித்த இரண்டு பேரிடமாவது பேசுங்கள், எத்தனை நாளில் அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்தார் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

எழுதும்போதும் அவர் வரும்போதும்

'எங்களிடம் பழைய காகிதம் இருக்கிறது, பார்க்க வர முடியுமா' என்று எழுதினால் பதில் வராது. நான் எழுதினது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"ஐயா / அம்மா, வணக்கம். செட்டிநாட்டில் பள்ளத்தூர் எங்கள் ஊர். எங்கள் குடும்பம் பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழில் செய்து, வந்த குடும்பம். ரங்கூன், மோல்மேன் கடைகளின் பேரேடு 11, நாள்வழி 6, கடிதம் சுமார் 9 கட்டு வீட்டில் உள்ளன. பெரும்பாலும் 1920 முதல் 1942 வரை. தமிழ்க் கையெழுத்து, பழைய தமிழ் எண்கள். கடன், நில அடமானம் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன், அதனால் தங்களுக்கு எழுதுகிறேன். இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து இணைத்துள்ளேன். தாங்கள் வர முடிந்தால் வீட்டிலேயே தங்கிப் பார்க்கலாம்."

அவர் கட்டுரையைப் படித்தேன் என்று பொய்க்குச் சொல்லாதீர்கள், உண்மையிலேயே ஒன்றைப் படித்துவிட்டு எழுதுங்கள். தேர்வு, விடைத்தாள் திருத்தும் மாதங்களில் பதில் தாமதமாகும். மூன்று வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம். அவருக்கு இது துறை இல்லை என்றால் "யாரைப் பார்க்கலாம்" என்று கேளுங்கள், பேராசிரியர்கள் இந்த உதவியைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

போனில் பேசும்போது நான் முன்னால் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: பழைய தமிழ் எண், பின்னக் குறி படிக்க உங்களோடு யாராவது இருக்கிறார்களா? இதைக் கேட்க நான் கூச்சப்பட்டேன், தேவையே இல்லை. அந்த அம்மா "எனக்குப் பின்னக்குறி சிலது சந்தேகம், என் மாணவர் ஒருவர் நன்றாகப் படிப்பார், அவரையும் கூட்டி வருகிறேன்" என்று நேராகச் சொன்னார். அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூலத்தைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். எங்கள் சின்னையா பல வருடம் முன்பு ஓர் ஆய்வாளரிடம் இரண்டு நாள்வழியை ஒரு வாரத்துக்கு என்று கொடுத்தார். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை, அவை திரும்பவே இல்லை. சின்னையா போய்ச் சேரும் வரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். படம் எடுக்கட்டும், ஸ்கேன் செய்யட்டும், ஒரு பிரதி உங்களிடமும் இருக்கட்டும். கட்டாயம் வெளியே போக வேண்டுமானால் எத்தனை நோட்டு, எத்தனை பக்கம், எந்தத் தேதிக்குள் திரும்பும் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

அதற்கு முன்னால் பங்காளிகள் எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பெட்டி பொதுச் சொத்து. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். கணக்கில் கடன் பட்டவர்கள், நொடித்துப் போனவர்கள் பெயர்கள் இருக்கும், அவர்கள் பேரன் பேத்திகள் இன்றும் அடுத்த தெருவில் இருப்பார்கள். அந்தப் பெயர்களை அச்சில் எப்படிக் குறிப்பிடுவது என்று பேராசிரியரோடு முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். நாங்கள் முதலெழுத்து மட்டும் போடச் சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

எங்கள் கட்டுகளில் மோல்மேன் கடிதம் இரண்டு கட்டு மட்டும் இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும்போது திறப்பதாக இருக்கிறோம், அந்த அம்மாவும் மாணவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.